ஐந்து நட்சத்திரச் செய்முறை

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி முதல் பந்தியில் உட்காராத கல்யாணம் ஒன்றை நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை மேடையில் தாலி கட்டிக்கொண்டிருப்பார். இவர் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஓட்டுப் போடும் நாளில் காலை ஆறரைக்கே பூத்துக்குப் போய்விடுவார். தேரோட்டம் என்றால் வடத்தில் முதல் கை அவருடையதாக இருக்க வேண்டும். இழுப்பது பின்னால் நிற்கிறவர்கள் பாடு. ஐம்பத்து நான்கு வயதுவரை இப்படியே வாழ்ந்த மனிதரிடம், போனில் தேடினால் கடைகள் வரிசையாக வரும், முதலில் வருகிறவனுக்கே வியாபாரம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சுகுணாவுக்குச் சனி பிடித்தது.

சுகுணா அவருடைய மனைவி. கோவில்பட்டி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர்களுடைய மீனாட்சியம்மாள் கடலைமிட்டாய்க் கடைக்கும் என் அச்சகத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். என் பெயர் திருப்பதி. முன்பு தீப்பெட்டி லேபிள் அடித்தேன். இப்போது கல்யாணப் பத்திரிகையும் மிட்டாய் பாக்கெட் லேபிளும் அடிக்கிறேன். நான் சொல்லப்போகிற கூத்துக்கு அச்சடித்துக் கொடுத்தவன் நானேதான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

கடையை ஆரம்பித்தவர் சௌந்தரபாண்டியனின் அப்பா. தன் மனைவியின் பெயரை வைத்தார். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற பஸ்ஸெல்லாம் ஊருக்குள் வந்து நின்ற காலத்தில், கண்டக்டர்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஓடிவந்து பாக்கெட் வாங்குவார்கள். அப்புறம் நாலுவழிச் சாலை ஊரை ஒதுக்கிவிட்டு வெளியே போனது. கார்க்காரர்கள் உள்ளே வருவதை விட்டுவிட்டார்கள். தம்பி முத்துசெல்வம் காலத்தைப் பார்த்துப் பைபாஸில் பெரிய கடை போட்டார். கண்ணாடிக் கதவு, கார் நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை. அண்ணனிடம் அதற்கு இருந்த ஒரே பதில், அவன் எனக்குப் பின்னால் பிறந்தவன் என்பதுதான்.

கடைக் கட்டடம் இருவருக்கும் பொது. போன வருடம் தை மாதம் முத்துசெல்வம் வந்து மரியாதையாகவே பேசினார். வருகிற தீபாவளிவரை பார்ப்போம், கடை தேறாவிட்டால் அந்த இடத்தை நான் குடோனாக்கிக்கொள்கிறேன், அண்ணன் என் கடைக் கல்லாவில் வந்து உட்காரட்டும் என்றார். தோற்போம் என்ற நினைப்பே இல்லாத சௌந்தரபாண்டியன் உடனே சரி என்றார். கடை போனால் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. இருபத்தெட்டு வருடமாக அந்தக் கடையின் பின்கட்டில் நின்று பாகு காய்ச்சுகிற சுகுணாவுக்கும், அவரோடு நிற்கிற நாலு பெண்களுக்கும் என்ன உண்டு என்று அந்தப் பேச்சில் ஒருவரும் கேட்கவில்லை.

உண்மையில் கடை தேறிக்கொண்டுதான் இருந்தது. அதற்குக் காரணம் காவியா. சுகுணாவின் தங்கை மகள், இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். மூன்று வருடத்துக்கு முன்பு கடையைப் போன் வரைபடத்தில் ஏற்றி, ஒரு பக்கம் உண்டாக்கி, படங்கள் போட்டுவைத்தாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை என்பாள். தேடுகிறவன் என்ன கேட்கிறானோ அதற்கு நம் பக்கத்தில் பதில் இருக்க வேண்டும். எந்தக் கடலை, எந்த வெல்லம், எத்தனை நாள் கெடாது, பார்சல் எப்போது வரும், ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா இல்லையா. வாங்கிப்போனவர்களை மனதில் பட்டதை எழுதச் சொல்ல வேண்டும். குறை எழுதினால் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். பொறுமையாக இருந்தால் கடை தானாக மேலே வரும்.

மூன்று வருடத்தில் அறுபத்தெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுப்பை அணைத்த பிறகு காவியா ஒவ்வொன்றாக வாசிப்பாள், சுகுணா பலகையில் உட்கார்ந்து கேட்பார். மிட்டாய் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று சேலத்துக்காரர் ஒருவர் எழுதினார். மறுவாரமே சுகுணா தாளை மாற்றினார். வயதானவர்களால் கடிக்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினார். மெல்லிசாகத் தட்டித் தனி பாக்கெட் போட்டார், பிறகு அதுதான் அதிகமாக விற்றது. தேனியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்ததை மட்டும் வாரா வாரம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வார். பார்சல் வாரத்துக்கு ஐம்பதைத் தொட்டது. தீபாவளிக்குள் கரை சேர்ந்துவிடலாம் என்று காவியா விரலை மடக்கிக் கணக்குச் சொன்னாள்.

சௌந்தரபாண்டியன் அந்தப் பலகையில் ஒருநாளும் வந்து உட்கார்ந்ததில்லை. அவருக்கு எண்ணிக்கை போதும். போனில் தேடினால் கடை ஏழாவதாக வந்தது. ஏழாவது என்பதை ஏழாவது பந்தி என்று எடுத்துக்கொண்டு மனிதர் உள்ளுக்குள் வெந்தார். முதல் காரியமாக, காவியாவை மிரட்டி வரைபடம், பக்கம் எல்லாவற்றையும் தன் போன் நம்பருக்கு மாற்றிக்கொண்டார். கோயிலில் நூற்றெட்டுத் தடவை பெயர் சொல்லி அர்ச்சனை செய்தால் அம்மன் திரும்பிப் பார்க்கிறாளே, இந்த எந்திரம் பார்க்காதா என்று யோசித்து, கடைப் பக்கத்தில் கோவில்பட்டி கடலைமிட்டாய், கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று நூற்றெட்டுத் தடவை ஒற்றை விரலால் அடித்து ஏற்றினார். மூன்று நாள் வேலை அது. ஒரே மாதத்தில் கடை ஏழிலிருந்து பத்தொன்பதுக்குப் போனது. காவியா அவரிடமே போனை வாங்கி அதை அழித்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆயிற்று. சுகுணா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அவர் செய்த தப்பு.

அப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் வகுப்பு நடந்தது. சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்த ஒருவர், இணையத்தில் வியாபாரம் பெருக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் பேசியதில் நட்சத்திரம் என்ற ஒரு சொல்தான் அண்ணாச்சி காதில் ஏறியது. நிறைய நட்சத்திரம் வாங்கினவன் மேலே போவான். முதல் வரிசையில் உட்கார்ந்துதான் கேட்டார்.

ஆவணியில் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. பத்திரிகை அடிக்க என்னிடம் வந்தார். எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டுக்குப் போகிறவர்கள் பணமோ பொருளோ வைத்துச் செய்முறை செய்வார்கள். வாசலில் நோட்டு வைத்துப் பெயர், ஊர், உறவு முறை, தொகை எழுதுவார்கள். மைக்கில் சொல்லவும் சொல்வார்கள். இன்று வாங்கினதை நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். அண்ணாச்சி ஒரு கறுப்புக் கட்டத்தைப் போனில் காட்டினார். போனை அதன்மேல் பிடித்தால் அவர் கடைக்கு நட்சத்திரம் போடுகிற இடம் திறக்கும்.

"திருப்பதி, செய்முறைங்கிற பேச்சே வேண்டாம். பத்திரிகையில இந்தக் கட்டத்தப் பெருசாப் போடுங்க. வாரவுக ஆளுக்கு அஞ்சு நட்சத்திரம் செஞ்சுட்டுச் சாப்பிடட்டும்" என்றார்.

பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் ஆயிரம் பத்திரிகை, பலவண்ணம், வழவழத் தாள். வாயை மூடிக்கொண்டு அடித்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. ஒரே மண்டபத்திலிருந்து ஒரே நாளில் இத்தனை பேர் போட்டால் வரைபடக் கம்பெனிக்காரர்கள் பொய்யென்று கண்டுபிடித்துவிடுவார்கள், இருக்கிறதும் போய்விடும் என்று காவியா சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சிக்கு அதில் புரியாதது பொய் என்ற சொல்தான்.

"எதைப் பொய்ங்கிறே? காசிராஜன் என் மச்சினன். குளத்தூர் கடற்கரை என் சித்தப்பா மகன். அம்புட்டுப் பேரும் ரத்த சொந்தம். இதுல பொய் எங்கன இருக்கு?"

"சொந்தக்காரவுக நல்லாத்தான் சொல்லுவாக" என்றார் சுகுணா. "காசு குடுத்து வாங்கித் தின்னவன் சொல்லணும்."

பொம்பளைக்கு வியாபாரம் என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். அந்த வியாபாரத்தை யார் கை நடத்துகிறது என்று ஊருக்கே தெரியும்.

காதுகுத்து நடந்த மண்டபத்துக்கு நானும் போனேன். சொந்தக்காரர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், மடியை அவிழ்க்க வேண்டியதில்லையே. நோட்டு வைக்கிற மேசையில் கறுப்புக் கட்டத்தை ஒட்டி, காசிராஜன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "குளத்தூர் கடற்கரை, பங்காளி முறை, அஞ்சு நட்சத்திரம்" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். கையில் பட்டன் போன் வைத்திருந்த வெள்ளைத்தாய் அக்காவுக்குக்கூட இன்னொருவர் போனில் புதுக் கணக்கு திறந்து போட வைத்தார்கள். எழுதினதாவது கடலைமிட்டாயைப் பற்றியா என்றால் அதுவும் இல்லை. செய்முறை நோட்டில் எழுதிப் பழகின கை அப்படியே எழுதியது: உமாராணி, புதூர், நாத்தனார் முறை, 5. ஒருவர் குழந்தை நோய்நொடியில்லாமல் வாழ வேண்டும் என்று மிட்டாய்க் கடைப் பக்கத்தில் வாழ்த்தியிருந்தார். புதூர் ஜெயபாண்டி மட்டும் மூன்று நட்சத்திரம் போட்டார். தன் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு அண்ணாச்சி வந்து செய்தது அவ்வளவுதானாம். காசிராஜன் தாடையைப் பிடித்துக் கெஞ்சி அதை ஐந்தாக்கினார்.

தம்பி முத்துசெல்வம் குடும்பத்தோடு வந்தார். பிள்ளை விரலில் மோதிரம் போட்டார். நட்சத்திரம் எங்கே என்று காசிராஜன் கேட்டதற்கு, நானும் அதே வியாபாரம் செய்கிறவன், நான் போட்டால் நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டு இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. ஆனால் அந்த மண்டபத்தில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்று மணிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் செய்து முடித்தார்கள். இரவு அண்ணாச்சி என் வீட்டுக்கே வந்து போனைக் காட்டினார். கடை முதலில் இருந்தது. தன் போனில் தன் கடைப் பெயரையே போட்டுத் தேடினால் வேறு எது வரும் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தால் கேட்க மனம் வராது.

மூன்றாம் நாள் காலையில் நட்சத்திரங்கள் காணாமல் போயின. மத்தியானம் கடையே வரைபடத்திலிருந்து போனது. பொய் மதிப்பெண் வாங்கியதாகக் கடையை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று இரண்டு வரி வந்திருந்தது. நானூற்றுப் பன்னிரண்டோடு அந்த அறுபத்தெட்டும் போயிற்று. தேடினால் முதலில் வந்தது முத்துசெல்வம் கடை. மறுவாரம் பார்சல் ஒன்பதாகச் சுருங்கியது.

இதற்கு நடுவில் காசிராஜன் வந்து நின்றார். எட்டயபுரத்தில் அவருக்கு ஒரு செல்போன் கடை. நான் செய்துவிட்டேன், நீங்கள் என் கடைக்குத் திருப்பிச் செய்யுங்கள் என்றார். நீ செய்ததுதான் காணாமல் போய்விட்டதே, எதைத் திருப்புவது என்றார் அண்ணாச்சி. கொடுத்தது கொடுத்ததுதான், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாதது உங்கள் தப்பு என்றார் மச்சினர். காணாமல் போன நட்சத்திரம் செய்முறையில் சேருமா சேராதா என்று சொந்தத்துக்குள் இரண்டு கட்சி பிரிந்து, பத்து வீடுகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன. கடை செத்துக்கொண்டிருந்தது, இவர்கள் முறை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காவியா ஒரு வழி கண்டுபிடித்தாள். நடந்ததை ஒப்புக்கொண்டு, கடையின் லைசென்ஸ், கரண்ட் பில், பெயர்ப்பலகை படம் எல்லாம் வைத்து அந்தக் கம்பெனிக்கு ஒரு மனு அனுப்பலாம். சீக்கிரம் அனுப்பினால் கடையும் பழைய அறுபத்தெட்டும் திரும்பி வர வாய்ப்பு உண்டு. சுகுணா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். காதுகுத்து வீட்டில் என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களை வைத்து நட்சத்திரம் போட வைத்தார்; அவர்களில் பாதிப் பேர் எங்கள் மிட்டாயை விலைக்கு வாங்கினதே இல்லை, சும்மா கொடுத்துத்தான் தின்றிருக்கிறார்கள்; இனி இப்படி நடக்காது; எங்கள் கடை நிஜமான கடை. இதைவிட நேர்மையான எழுத்தை என் அச்சகத்தில் நான் கோத்ததில்லை. ஆனால் அனுப்ப வேண்டியது அண்ணாச்சியின் போனிலிருந்து. எல்லாவற்றையும்தான் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாரே.

அவர் படித்தார். என் வீட்டுக்காரர் என்ற இடத்தில் வந்து நின்றார்.

"ஊரு பேரு தெரியாத எவனுக்கோ நான் தப்புப் பண்ணிட்டேன்னு எழுதணுமாக்கும்?"

"யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றார் சுகுணா. "ஒரு தடவ அமுக்குங்க. கடை எனக்கு வேணும்."

இருபத்தெட்டு வருடத்தில் அந்த அம்மாள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அதுதான். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். புரட்டாசி முழுக்க நாளைக்கு.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது முத்துசெல்வம் தச்சரைக் கூட்டிக்கொண்டு அளவெடுக்க வந்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் சுகுணா பாகு கிண்டிக்கொண்டிருந்தார். தச்சர் டேப்பை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அடுப்புக்கு மேலாக நீட்டினார். சுகுணா கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். அளந்து முடித்ததும் மறுபடி கரண்டியைப் பாகில் வைத்தார், பதம் கெட்டுவிடக் கூடாதே. முன்பக்கம் உட்கார்ந்திருந்த சௌந்தரபாண்டியன் இதையெல்லாம் பார்த்தார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. இப்போதாவது அமுக்குவார் என்று நினைத்தேன். போனை எடுத்தார், மணி பார்த்தார், திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அந்த நிமிஷம் அந்த மனிதனை நான் வெறுத்தேன்.

இப்போது அது குடோன். நாலு பெண்களில் இரண்டு பேர் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விட்டார்கள், மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். கொழுந்தன் கடையில் வேலை தருகிறேன் என்றதற்கு மாட்டேன் என்று சொல்லிவிட்ட சுகுணா, மார்க்கெட் ரோட்டில் வேறொருவர் மிட்டாய்க் கடையில் நாள் சம்பளத்துக்குப் பாகு காய்ச்சுகிறார். சௌந்தரபாண்டியன் பைபாஸ் கடைக் கல்லாவில் இருக்கிறார். கதவைத் திறந்ததும் முதலில் தெரிகிற நாற்காலி.

பொங்கல் கழிந்து ஒருநாள் அந்தக் கடைக்கு லேபிள் கட்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். காரிலிருந்து இறங்கி ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் போன்.

"அண்ணே, ஊருக்குள்ள மீனாட்சியம்மாள் கடைன்னு ஒன்னு இருந்துச்சே. தேடித் தேடிப் பாக்குறேன், காணோம்."

மூடியாகிவிட்டது என்றார் அண்ணாச்சி. ஏன் மூடினார்கள் என்று அந்தப் பெண் கேட்டார். வியாபாரம் இல்லை என்றார். நல்ல கடையாச்சே, தேனியிலிருந்து அதற்காகவே வந்தேன், அந்தக் கடையைப் பற்றி நான் எழுதிக்கூடப் போட்டிருந்தேன் என்றார் அந்தப் பெண். அண்ணாச்சி தலையை நிமிர்த்தினார்.

"என்ன எழுதியிருந்தீங்கம்மா?"

"எங்கப்பா கண்டக்டரா இருந்தவரு. மதுரை திருநெல்வேலி வண்டி. இப்ப எல்லாம் மறந்துபோச்சு. என்னையவே பாத்து நீ யாரு தாயின்னு கேப்பாரு. அந்தக் கடை மிட்டாயை வாயில வச்சதும், கோவில்பட்டி எல்லாம் எறங்குன்னு சத்தம் குடுத்தாரு. அதைத்தான் எழுதியிருந்தேன்."

வாரா வாரம் சுகுணா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னது இதைத்தான். அறுபத்தெட்டு என்ற எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்திருந்த மனிதர், அதில் ஒன்றை இப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறார். அதுவும் அது இல்லாமல் போன பிறகு.

அந்த மிட்டாய் செய்த அம்மா இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டார். அண்ணாச்சி கல்லாப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

கையிலிருந்த லேபிள் கட்டைக் கீழே போட்டேன்.

"மார்க்கெட் ரோட்டுல மணிக்கூண்டுக்கு எதுத்த மிட்டாய்க் கடைக்குப் போங்கம்மா. பின்வாசல்ல போய்ச் சுகுணான்னு கேளுங்க. இவுக வீட்டம்மாதான்" என்றேன்.

அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்க் காரில் ஏறினார். கார் ஊருக்குள் திரும்புகிறவரை அண்ணாச்சி கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் லேபிள் மொத்தம் எத்தனை கட்டு என்று கேட்டார். பதினெட்டு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.